சலேத்தம்மாளின் முப்பத்தேழு நோய்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் தெரு மொத்தமும் தும்மும். பல் தேய்க்கிறவன் நுரை வாயோடு தும்முவான். குழாயடியில் சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்தித் தும்மிவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். பூசை வைக்கிற சாமியார்கூட பீடத்தைப் பிடித்துக்கொண்டு தும்முவதைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அரை நிமிடம் முழங்கால் கடுக்கும். அவ்வளவுதான். கோவில்பட்டியில் எவனுக்கோ நெஞ்சில் சளி கட்டியிருக்கும், ஆரணியில் எவளுக்கோ பிள்ளை பெற்ற காய்ச்சல் விடாமல் அடிக்கும். அதை எட்டுக் கோடியாகப் பிரித்து ஆளுக்கொரு துணுக்கு. அரசாங்கம் அதற்குப் பொது நோய்ப் பகிர்வுத் திட்டம் என்று பெயர் வைத்தது. தூத்துக்குடியில் நாங்கள் மீன் விற்கிற கணக்கில் 'கூறு' என்போம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இதை நம்பவில்லை. துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை தூக்கினவன் நான். சும்மா தருகிறேன் என்று கிட்டே வருகிறவன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் வருவான். அரசாங்கத்துக்கு இருநூறு கை.

அதற்காக உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டிய பட்டையைக் கொடுக்க வந்தவள் சண்முகவடிவு. எங்கள் வட்டாரத்து நர்ஸ். குடையும் பையுமாக வெயிலில் நடந்தே தேய்ந்துபோன பொம்பளை. ரப்பர் மாதிரி சாம்பல் நிறத்தில் மூன்று பட்டைகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"கையை நீட்டுங்க அண்ணாச்சி."

"எதுக்கு?"

"எதுக்குன்னு பத்து மாசமா டிவியில சொல்லுதாவளே."

"டிவியில சோப்பு போட்டா செவப்பாயிருவேன்னும்தான் சொல்லுதான்."

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது நோயைக் கொல்லுத மிஷினு இல்ல. பிரிக்கிற மிஷினு. காய்ச்சலு, வலி, அசதி, எல்லாத்தையும் ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்து மத்தவியளுக்குத் துளித்துளியாக் குடுத்துரும். டாக்டரு மருந்து குடுப்பாரு. மருந்து வேலை செய்யுததுக்குள்ள ஆளு போயிராமப் பாத்துக்கிடுதது இது. நல்லா இருக்கிற உடம்புன்னா வாங்கும், நோவு வந்த உடம்புன்னா குடுக்கும். நீங்க மூட்டை தூக்குனவுக, உங்களுக்கா தெரியாது? ஒரு குவிண்டாலை ஒருத்தன் தூக்குனா இடுப்பு ஒடியும். எட்டுக் கோடி பேரு தூக்குனா?"

"எட்டுக் கோடி பேரு தூக்குனா, அதுல நாலு கோடி பேரு தோளைத் தாழ்த்திக்கிட்டுத் தூக்குத மாதிரி நடிப்பான்."

"நடிக்க முடியாது. மரியான் வீட்டு ஆடு தும்முனதப் பாத்தீயல்லா?"

பார்த்தேன். அடுத்த வீட்டு மரியான் தன் பட்டையை ஆட்டுக்குட்டி கழுத்தில் கட்டிவிட்டான். செவ்வாய்க்கிழமை ஆடு தும்மியது, தெருவே சிரித்தது, அவன் அபராதம் கட்டினான். நான் கையை நீட்டினேன். அபராதத்துக்குப் பயந்துதான். எனக்கு இடுப்பு வலித்தால் பட்டையைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிடுவேன். என் வலியை நான் யாரிடமும் கொடுக்கிறதாக இல்லை.

"ரெண்டாவது லூர்துக்கு. இது யாருக்கு, மூணாவது?" என்றேன். லூர்து என் மகன்.

"சலேத்தம்மாள், வயசு அறுபத்திரெண்டு" என்று பட்டியலைப் படித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். எதிர்ச் சுவரில் என் பெண்டாட்டி பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் போகும்போது ஐம்பத்தொன்று. ரேஷன் கார்டில் அவளுக்கு அதுபாட்டுக்கு வயசு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

"பேரை எடுக்கலையா அண்ணாச்சி?"

"சீனி வருதுல்லா."

"நல்லா வருது. இந்தத் தெருவுல மட்டும் செத்தவிய பத்தொம்பது பேரு பட்டை வாங்கியிருக்காவ. திருப்பிக் கொண்டு போனா தாலுகா ஆபீஸு வாசல்ல நாலு நாளு நான்தான் நிக்கணும். அக்கா பேருக்கும் நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. உடம்புச் சூடு இல்லாத எடத்துல பட்டை தூங்கிரும், ஒண்ணும் செய்யாது."

சலேத்தம்மாளின் பட்டையை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

லூர்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தான். அப்போதுதான் பைபாஸ் ரோட்டில் 'நித்யசுகம்' என்ற தனியார் ஆஸ்பத்திரி வந்தது. கண்ணாடிக் கட்டடம். ஊரோடு சேர்ந்து தும்முவதற்கு நீங்கள் என்ன ஆட்டு மந்தையா என்று பெரிய பெரிய எழுத்தில் கேட்டார்கள். அங்கே பணம் கட்டினவர்களுக்குக் கூறு கிடையாது, தும்மல் கிடையாது, அரசாங்கப் பட்டையே கிடையாது. அவர்களுடைய நோயை வாங்கிக்கொள்ள ஒரே ஒரு ஆள். அவர்களுக்கென்று தனியாக. அந்த ஆளுக்கு 'நலத்துணைவர்' என்று பெயர். சீருடை, பூட்ஸு, ஏ.சி. அறை, மூன்று வேளைச் சாப்பாடு.

"சேரணும்னா கவர்மெண்டு பட்டையை அறுத்துரணுமாம்பா" என்றான் லூர்து. "கொஞ்சம் பயமா இருக்கு."

"அறுத்துப் போடுல. காசு வாங்கிட்டுச் செய்யிறவன் பேரு கெட்டுரும்னு பயப்படுவான். சும்மா குடுக்கிறவன்தான் ஏமாத்துவான்."

அதைச் சொன்னது நான்தான். வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

நாலாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனைப் பார்க்கப் போனேன். தரையில் என் முகம் தெரிந்தது. கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் அறை மாறி வந்துவிட்டேன் என்று திரும்பினேன். "அப்பா" என்றான். கண் இரண்டும் மஞ்சள். வயிறு ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி மாதிரி. ஒரு சொட்டுத் தொடாத பயல் அவன்.

"என்னல இது?"

"இறால் கம்பெனி முதலாளி கனகவேல் இருக்காருல்லா, அவரோட ஈரலு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கனகவேல் முதலாளி கூட்டாளிகளோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் பொரித்த இறால். பக்கத்தில் கிளாஸ்.

"டாக்டரு குடிக்கக் கூடாதுன்னு சொல்லலையா?"

"தெனமும் சொல்லுதாரு. எதுக்குச் சொல்லுதாருன்னு அவருக்குப் புரியல. வலிக்கிறது எனக்குல்லா."

"வேலையை விட்டுட்டு எந்திரில."

"விடலாம்பா. மூட்டையை இங்க எறக்க முடியாது, என்கூடயே வரும். அடுத்த ஆளு வந்து வாங்குனாத்தான் எறங்கும். அதுக்கு மூணு வருஷம்னு ஒப்பந்தத்துல இருக்கு."

"உனக்கு முன்னால இருந்தவன் எறக்கிட்டுத்தான போனான்?"

லூர்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அவன் எறக்கல."

நேராகச் சண்முகவடிவு வீட்டுக்குப் போய் லூர்துவுக்கு மறுபடி ஒரு பட்டை கேட்டேன். அரசாங்கத்தைப் பற்றி நான் அதுவரை பேசின பேச்சையெல்லாம் அவள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"கம்ப்யூட்டருல பாத்துட்டேன் அண்ணாச்சி. இது லூர்துவோட நோயே இல்ல, கனகவேலோட நோயி. லூர்து நோயாளியும் இல்ல, ஊழியரு. பட்டையை அறுத்தவியளுக்குப் புதுசு கெடைக்க ஒரு வருஷம் ஆவும்."

"ஒரு வருஷம் இருப்பானா?"

அவள் குடையை விரித்தாள், மடக்கினாள். வீட்டுக்குள் என்ன குடை.

கப்பலிலிருந்து கரைக்கு ஒரு பலகைதான் பாலம். முந்திரிக்கொட்டை மூட்டையோடு அதில் இறங்கும்போது முன்னால் போகிறவன் கால் நடுங்கினால், பின்னால் வருகிறவன் தன் மூட்டையோடு மூட்டையாக ஒரு கையை நீட்டி அவன் மூட்டைக்கு அடியில் கொடுத்துவிடுவான். இது யார் மூட்டை, எந்த முதலாளி சரக்கு என்று கேட்கிற பழக்கம் கிடையாது. கேட்டுக்கொண்டு நின்றால் இரண்டு பேரும் தண்ணீருக்குள். நான் வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவில் கையை விட்டேன்.

மறு ஞாயிறு தூக்குச்சட்டியில் சாளை மீன் குழம்பும் மடியில் பட்டையுமாகப் போனேன். காவல்காரன் குழம்பை மோந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டான்.

"காலை நீட்டுல."

"யாருதுப்பா இது?"

"உங்கம்மாவோடது."

அவன் பட்டையைக் கையில் வாங்கிப் புரட்டினான். "அம்மாவுக்குன்னு தனியா வந்ததா?"

"சீனிக்கு வச்சிருந்த பேரு. நீட்டுல காலை."

கணுக்காலில் கட்டி, கம்பெனி கொடுத்த காலுறையை மேலே இழுத்துவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தும்மல் முடிந்ததும் எல்லோருக்கும் வலது விலாவுக்குக் கீழே நறுக்கென்று ஒரு பிடி பிடித்தது. பால்காரி செம்பை இறக்கி வைத்து, "ஏ யம்மா, இது புதுசால்லா இருக்கு" என்று விலாவைத் தடவினாள். மரியான் தடவினான். நானும் தடவினேன். அரசாங்கம் கொடுத்த ஒன்றை மனசாரக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

மூன்று வாரத்தில் லூர்து கண் வெளுத்தது. வயிறு வடிந்தது. கனகவேல் முதலாளி குடித்துக்கொண்டே இருந்தார், எட்டுக் கோடிப் பேர் விலாவைத் தடவிக்கொண்டே இருந்தோம். நன்றாக இருக்கிற துணைவன் எழுந்து நடமாடுவதைப் பார்த்த ஆஸ்பத்திரி அவனுக்கு இன்னொரு நோயாளியைக் கொடுத்தது. பிறகு இன்னும் ஒருவர். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பியது.

மேலாளர் பெயர் வரதராஜன். பஞ்சு மாதிரிப் பேசுகிற மனுஷன். மேசைமேல் லூர்துவின் காலுறை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"உட்காருங்க ஐயா. காபி சாப்பிடறீங்களா?"

"ஜெயிலுக்குப் போறவனுக்கு எதுக்குக் காபி?"

"ஜெயிலா? யாருங்க சொன்னது?" உண்மையிலேயே அவர் மனசு புண்பட்ட மாதிரித் தெரிந்தது. "பட்டை பையன் கால்லயேதான் இருக்கு. நாங்க தொடலை. ஒண்ணு கேக்கலாமா? உங்க தெருவில இந்த மாதிரி... காலமானவங்க பேரை எடுக்காம வச்சிருக்கிற வீடு வேற இருக்கா?"

"எதுக்கு?"

"எங்க ஊழியர்கள் ஆரோக்கியத்துல எங்களுக்கு அக்கறை உண்டு ஐயா."

காபி நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு நித்யசுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்பதில்லை. ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள். வீட்டில் செத்தவர் ஒருத்தர் கார்டில் உயிரோடு இருந்தால் அன்றைக்கே வேலை. எங்கள் தெருவில் செத்த பத்தொன்பது பேருக்கும் ஒரு மாதத்துக்குள் வேலை கிடைத்தது. உயிரோடு இருந்தபோது மரியானின் அப்பா ஒருநாள் வேலைக்குப் போனவர் இல்லை.

தும்மல் வாரத்துக்கு மூன்று நாள் ஆனது. சில நாள் தலை சுற்றியது. இந்தத் திட்டமே உருப்படாது, அரசாங்கம் செய்கிற காரியம் வேறு எப்படி இருக்கும் என்று ஜனங்கள் பேசினார்கள். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் பட்டையை அறுத்துவிட்டு நித்யசுகத்தில் சேர்ந்தார்கள். தெருக்கோடி பெனடிக்ட் வாத்தியார் அப்படிப் போனவர். "நான் தும்மியே ரெண்டு மாசமாச்சு தொம்மை. நீயும் எப்படியாவது இதுல வந்து சேந்துரு" என்று எனக்குப் புத்தி சொன்னார். அவருடைய மூலக்கடுப்பைத்தான் அப்போது நான் நின்றுகொண்டே அனுபவித்துக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை.

ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் காலை பத்து மணிக்குச் சண்முகவடிவு பின்வாசல் வழியாக மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, சென்னையில இருந்து ஆபீஸரு வாராரு. அக்காவைப் பாக்கணுமாம். அந்தப் படத்தை எடுங்க."

"அவ பேரு செத்தவன்னு எழுதிட்டா என்ன ஆவும்?"

"பட்டை நின்னுரும். லூர்து இப்ப எத்தன பேரு மூட்டையைச் சுமக்கான்?"

"நாலு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்க மாட்டான் அண்ணாச்சி."

பதிமூன்று வருஷமாக அந்த ஆணியை விட்டு இறங்காத படம். எனக்குக் கை வரவில்லை. மாலையை மட்டும் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். ஜீப் வந்து நின்றது.

அதிகாரி அகிலன் வாலிபப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு கோப்பு.

"ஐயா, உங்கள் மனைவி சலேத்தம்மாள் இந்த மாநிலத்துக்கே ஒரு அதிசயம். ஒன்றரை வருடத்தில் முப்பத்தேழு நோய்கள். ஈரல் இரண்டு முறை, இதயம் நான்கு முறை, சிறுநீரகம் ஐந்து. தனியாரிடம் போயிருந்தால் உங்கள் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும், அம்மாவும் இருந்திருக்க மாட்டார். திட்டம் தோல்வி என்று பேசுகிறவர்களுக்கு அவர்தான் எங்கள் பதில்." பக்கத்தைப் புரட்டினார். "இதில் ஒன்று புராஸ்டேட் வீக்கம் என்று இருக்கிறது. அது ஆண்களுக்குத்தான் வரும்."

நான் சண்முகவடிவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"பதிவு செய்கிறவர்கள் லட்சணம்" என்று அவரே தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியை அடித்தார். "அம்மாவைப் பார்க்கலாமா?"

"வேளாங்கண்ணிக்குப் போயிருக்காவ சார்" என்றாள் சண்முகவடிவு. "நேர்த்திக்கடன். நடந்து."

"நடந்தா!" அவர் கண் கலங்கிவிட்டது. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார். "இவர்தானா? அறுபத்து நான்கு வயது என்று சொல்லவே முடியாதே."

"அவ அப்படியேதான் இருக்கா" என்றேன்.

"சுவரொட்டி போடுகிறோம் ஐயா. இந்தப் படத்தைக் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்." அவரே கழற்றிக் காகிதத்தில் சுற்றினார். எழுந்திருக்கும்போது, "இன்னொரு நல்ல செய்தி. இறந்தவர்கள் பெயரில் ஏராளமான பட்டைகள் இருக்கின்றன என்று புகார் வந்திருக்கிறது. அடுத்த மாதம் எல்லாவற்றையும் நீக்கிவிடுவோம்" என்றார்.

நான் வாசலை மறித்து நின்றேன். "செத்தவியன்னு எப்படிய்யா கண்டுபிடிப்பீய?"

"ரொம்பச் சுலபம். ஒன்றரை வருடத்தில் ஒரு தலைவலியைக்கூடக் கொடுக்காத உடம்பு உயிரோடு இருக்க முடியுமா? அப்படிப்பட்ட பெயர்களைக் கணினியே எடுத்துவிடும். அம்மாவின் பெயரை இனிமேல் யாராலும் நீக்க முடியாது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

அன்றைக்கு நானும் சண்முகவடிவும் சிரித்த சிரிப்பில் மரியான் வீட்டு ஆடு மிரண்டுவிட்டது.

சுவரொட்டி பைபாஸ் ரோட்டில் நித்யசுகத்து வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. 'எல்லோரும் தாங்கினோம், இவர் எழுந்தார்' என்று எழுதியிருக்கிறார்கள். லூர்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவன் அம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவனுக்கு இப்போது ஆறு பேர். கனகவேல் முதலாளி சௌக்கியம்.

எனக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சண்முகவடிவு வாசித்தாள். தொம்மை என்கிற பெயரில் ஒரு நோயும் பதிவாகாததால் அவர் இறந்தவராகக் கருதப்பட்டுப் பெயர் நீக்கப்படுகிறது, குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். இடுப்பு வலிக்கும்போதெல்லாம் பட்டையைக் கழற்றி ஜன்னலில் வைத்தது நான்தானே.

"மனுக் குடுக்கலாம் அண்ணாச்சி" என்றாள்.

"குடுத்தா என்ன செய்வான்?"

"கார்டைக் கொண்டாம்பான். வீட்டுக்கு வந்து யாரு இருக்கா, யாரு இல்லன்னு விசாரிப்பான்."

விசாரித்தால் சலேத்தம்மாள் பெயர் போகும், லூர்துவின் பட்டை நின்றுவிடும்; கடிதத்தை மடித்து ஜன்னலில் வைத்தேன்.

இப்போது தெரு தும்மும்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பு வலி முழுசாக என்னுடையது. சீனி சலேத்தம்மாள் பெயருக்கு மாதாமாதம் வந்துவிடுகிறது. படம் திரும்பி வரவில்லை. வராது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். அரிசி தீர்ந்து டப்பாவின் அடியைத் துழாவியபோது மாலை கிடந்தது. எடுத்து அந்த ஆணியில் மாட்டினேன். படம் இல்லாமல் வெறும் மாலை எதற்கு என்று கழற்றப் போனேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.